பன்னிரண்டாம் கோபுரத்துத் துளை

அந்தக் கோட்டைச் சுவரைக் கட்டிய ராஜாவுக்கு எதிரிகள் மேல் பயம் அதிகம், கொத்தனார்கள் மேல் இரக்கம் குறைவு. மலை எங்கெல்லாம் செங்குத்தாக எழுகிறதோ அங்கெல்லாம் தேடிப் பிடித்துச் சுவரை ஏற்றியிருந்தான். சுவரின் முதுகில் போகும் படிகளில் ஒன்று முழங்கால் உயரம் இருந்தால் அடுத்தது விரல் உயரம் இருக்கும். இத்தனைக்கும் எதிரி கடைசிவரை வரவே இல்லை. நானூறு வருடம் கழித்து, யாரும் கூப்பிடாமல், அரைக்கால் சட்டையும் தண்ணீர்ப் பையுமாக நாக்குத் தள்ள ஏறுகிறவர்கள்தான் வந்தார்கள்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். ஐயாயிரத்துச் சொச்சம் படிகள். பன்னிரண்டு காவல் கோபுரங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டு மணிக்குள் தெற்கு வாசலைத் தாண்டிவிட வேண்டும். இரண்டு அடித்ததும் குறுக்கே கயிறு கட்டிவிடுவார்கள், அழுதாலும் புரண்டாலும் அவிழ்க்க மாட்டார்கள்.

மீட்டர் ஐந்து மணிக்கே வந்து நின்றிருந்தான். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. ஓடும்போது எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று வாய் ஓயாமல் ஒப்பிப்பதால் கூட ஓடுகிறவர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. தொழில் லிஃப்ட் ரிப்பேர். ஊரில் ஒருத்தரும் படி ஏறிவிடக் கூடாது என்று வாரத்தில் ஆறு நாள் கிரீஸும் கையுமாகப் பாடுபடுகிறவன், ஏழாம் நாள் படி தேடி அலைகிறானே என்று அவன் மனைவி கேலி செய்வாள். அதெல்லாம் பழைய கதை. அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது.

அவள் வருவாளா மாட்டாளா என்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். இது ஜோடி ஓட்டம். ஒற்றை ஆளுக்கு இடமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், எல்லாம் சரியாக இருந்த காலத்தில், இருவரும் சேர்ந்து பெயர் கொடுத்தார்கள். குலுக்கலில் இடம் வந்ததும் அவள் சமையலறையில் கரண்டியோடு குதித்தாள். அந்த இடத்தைப் பற்றி ஞாபகப்படுத்திப் போன மாதம் அவன் அனுப்பிய செய்திக்கு, இரண்டு நாள் கழித்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது: "வரேன்." அந்த ஒரு வார்த்தையை அவன் ஒரு மாதமாக மென்றுகொண்டிருந்தான்.

ஐந்தரைக்கு அவள் அண்ணனின் கார் வந்தது. அண்ணன் இறங்கி, "வாங்க மாப்ளே" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவள் இளைத்திருந்தாள். ஆனால் கால்கள் உருண்டு திரண்டிருந்தன. தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறாள் என்று அவனுக்குப் பார்த்தவுடனே புரிந்தது.

"வந்து ரொம்ப நேரமாச்சா உங்களுக்கு?" என்றாள்.

அந்த 'உங்களுக்கு' அவனுக்குச் சுருக்கென்றது. முதன்முதலில் பார்த்தபோது அவள் அப்படித்தான் பேசினாள், கல்யாணத்துக்குப் பிறகு எப்போதும் 'நீ'தான். ஒரு கட்டிடத்தில் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்று, உள்ளே அவள் ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டாள். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. கையில் யாரோ ஒருத்தரின் முழுப் பல்வரிசை டப்பாவில் இருந்தது. கதவைத் திறக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிடமும் மீட்டர் கதவுக்கு வெளியே இருந்து விடாமல் பேசினான். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல." கதவு திறந்ததும் அவள் அழுகையும் சிரிப்புமாக, "துணைக்குப் பல்லு இருந்துச்சு, பயமில்ல" என்றாள். அன்றிலிருந்து அவன் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டான்.

ஆறு மணிக்கு அட்டைகளைக் கொடுத்தார்கள். இந்த ஓட்டத்தில் ஒரு வினோதமான ஏற்பாடு உண்டு. முன்பு சில ஜோடிகளில் ஒருத்தர் மட்டும் ஓட, மற்றவர் காரில் வந்து வாசலில் சேர்ந்துகொள்வாராம். அதனால் இவன் அட்டையை அவள் வைத்துக்கொள்ள வேண்டும், அவள் அட்டையை இவன் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கோபுரத்திலும் சங்கிலியில் ஓர் இடுக்கி தொங்கும். ஒன்று இலை வடிவில் துளை போடும், ஒன்று மீன் வடிவில், ஒன்று பிறை வடிவில். துணை ஆளின் அட்டையில் துளை போட்டுவிட்டுத்தான் அடுத்த கோபுரத்துக்குப் போக வேண்டும். கடைசியில் இரண்டு அட்டையிலும் பன்னிரண்டு துளை இருந்தால் பதக்கம். ஒரு துளை குறைந்தாலும் இருவருக்கும் கிடையாது. ஓட்டத்தை முடித்த ஜோடி ஐந்து வருடத்துக்குத் திரும்ப வரக் கூடாது. முடிக்காத ஜோடிக்கு மட்டும் அடுத்த வருடம் குலுக்கல் இல்லாமலே இடம் உண்டு, அதே ஜோடியாக வந்தால்.

அந்தக் கடைசி விதியை அவன் அப்போது ஒரு காதில் வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

முதல் நான்கு கோபுரம்வரை அவன் பாதிப் பறந்துகொண்டிருந்தான். அவள் பக்கத்தில் ஓடுகிறாள், அவள் மூச்சு கேட்கிறது, அதுவே போதும் என்றிருந்தது. வழக்கம்போல எண்களை ஒப்பிக்க வாய் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான். எண் பேசும் தகுதியை அவன் இழந்து ரொம்ப நாளாகிவிட்டது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவள் வயிற்றில் ஐந்து மாதம். அவன் கூட்டாளிகளோடு புறவழிச் சாலையில் இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தான். இருபத்தோராவது கிலோமீட்டரில் இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது. நின்றான், எடுத்தான், அவள் பெயரைப் பார்த்தான். வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்லுவாள், இன்னும் ஏழு கிலோமீட்டர்தானே, முடித்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தான். போனைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு ஓடினான். அதற்கு மேல் வந்த ஐந்து அழைப்புகள் ஓட்டத்தில் தெரியவில்லை. எதிர் வீட்டு அக்காதான் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அவன் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இல்லை.

அவன் ஒரு பொய் சொன்னான். "போன் சத்தம் கேக்கலம்மா." அவள் நம்பினாள். அழும்போதெல்லாம் அவன் தோளில்தான் அழுதாள்.

மூன்று மாதம் கழித்து, மீட்டர் என்ற பெயருக்குத் தகுந்தாற்போல், அவன் எண்களே அவனைக் காட்டிக்கொடுத்தன. அவன் ஓடும் ஓட்டமெல்லாம் கைக்கடிகாரத்திலிருந்து போனுக்குப் போய்ப் பதிவாகும். எங்கே திரும்பினான், எங்கே நின்றான், எல்லாம் இருக்கும். ஒருநாள் அவள் எதேச்சையாக அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் திறந்தாள். ஆறு ஐம்பத்திரண்டுக்குப் பதினோரு செகண்ட் நின்றிருக்கிறான். அவள் முதல் அழைப்பும் ஆறு ஐம்பத்திரண்டு. இரண்டு போனையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் பெட்டி கட்டினாள். கத்தவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். அதற்குக்கூட அவள் வழிவிடவில்லை.

எட்டாவது கோபுரத்துக்கு ஏறும்போது அவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. கயிறு முறுக்கினதுபோல் சதை இழுத்தது. முன்பெல்லாம் அவன்தான் முன்னால் ஓடிப்போய் நின்று, "வா வா, நேரமாச்சு" என்று விரட்டுவான். இப்போது அவள் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து உப்பு மாத்திரையை நீட்டினாள்.

"மெதுவா வாங்க. நேரம் இருக்கு."

ஒவ்வொரு ஏற்றத்திலும் அவள் காத்திருந்தாள். முகத்தில் சலிப்பில்லை, கோபமில்லை. பல்செட்டை அரத்தால் ராவி ராவி வாயில் பொருந்தும்வரை பார்க்கிற அதே பொறுமை. நம்பிக்கைக்கு ஏங்குகிறவனுக்கு எதைக் கொடுத்தாலும் நம்பிக்கையாகத்தான் தெரியும். அவள் மனசு இளகிவிட்டது, இன்னும் கொஞ்சம் நாள் கூட இருந்தால் போதும், சரியாகிவிடும் என்று மீட்டர் நினைக்க ஆரம்பித்தான்.

இன்னும் கொஞ்சம் நாள் எங்கே இருக்கிறது? கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு நாற்பது. பன்னிரண்டாம் கோபுரம் தலைக்கு மேலே தெரிந்தது. அதைத் தாண்டி நானூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி, இரண்டு கிலோமீட்டர் ஓடினால் வாசல். வாசலைத் தாண்டினால் அண்ணனின் கார். ஐந்து வருடத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாது.

காலையில் ஒரு காதில் வாங்கிய விதி அப்போதுதான் மூளைக்குள் வந்து சேர்ந்தது.

ஒரு துளை குறைந்தால் அடுத்த வருடம் இடம் உண்டு. அதே ஜோடியாக. அவளை அவனுக்குத் தெரியும். எதையும் அரைகுறையாக விடுகிற பிறவியில்லை. பாதி பின்னிய ஸ்வெட்டரை மூன்று வருடம் கழித்துத் தேடி எடுத்து முடித்தவள். கண்டிப்பாக வருவாள். ஒரு வருடம் அவளோடு பேச ஒரு காரணம் இருக்கும். சேர்ந்து பயிற்சி எடுக்கலாமா என்று கேட்கலாம்.

கோபுரத்துக்குள் இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவள் அவன் அட்டையில் துளை போட்டுவிட்டு நகர்ந்தாள். மீட்டர் இடுக்கியைக் கையில் எடுத்தான். அவள் அட்டையை இடுக்கியின் வாய்க்கு அரை விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வரும்படி அழுத்தினான். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டான். காதலுக்காகத்தானே செய்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

நானூற்றுப் பன்னிரண்டு படியும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அடியில் தண்ணீர் மேசை. அவள் இரண்டு கோப்பைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஒரு கல்மேல் உட்கார்ந்தாள். அன்று முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு தெரிந்தது. மணி ஒன்று.

"இனிமே நடந்தே போனாலும் முடிச்சிடலாம் இல்ல?" என்றாள்.

"முடிச்சிடலாம்."

அவள் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே பேசினாள், அவனைப் பார்க்கவில்லை. "நான் எதுக்கு வந்தேன்னு நீங்க யோசிச்சிருப்பீங்க. டாக்டர் எல்லாமே நல்லாத்தான் இருக்குன்னாங்க. ஏன் தங்கலன்னு கேட்டா, காரணமே இல்லன்னாங்க. காரணம் இல்லன்னா நான் யாரைத் திட்டறது? இந்த உடம்பைத்தான் திட்டினேன். தினமும். குளிக்கும்போதுகூட இதைப் பாக்க மாட்டேன். ஒரு வேலையைக் குடுத்தா பாதியில விட்டுடுச்சேன்னு." முழங்காலில் இருந்த ஈரத்தை வழித்துவிட்டாள். "அதான் இதை எடுத்துக்கிட்டேன். இருக்கறதுலயே கஷ்டமானது. இதை மட்டும் பாதியில விடாம முடிச்சுட்டா, அப்புறம் இந்த உடம்பைத் திட்ட மாட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்னியோட விட்டுடுவேன்."

மீட்டர் பைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான். பையில் இருந்த அட்டை நெருப்பாகச் சுட்டது. இரண்டாவது முறையாக அவளுடையதைத் தான் பறித்துவிட்டது புரிந்தது. முதல் முறை தெரியாமல் செய்தது என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

"ஒரு துளை விட்டுப் போச்சு" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "உன் அட்டையில. கடைசிக் கோபுரம். சரியா விழல."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பதினோரு துளை வழியாக வெளிச்சம் வந்தது, பன்னிரண்டாவது கட்டம் அப்படியே மூடிக் கிடந்தது. அட்டையைத் திரும்ப நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு திரும்பி ஏற ஆரம்பித்தான்.

அந்த ஏற்றத்தை எப்படிச் சொல்வது? இறங்கி வருகிறவர்கள் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்து ஒதுங்கினார்கள். நூறு படிவரை கால் கேட்டது. இருநூறில் தொடை திரும்பப் பிடித்துக்கொண்டது, கையால் காலைத் தூக்கித் தூக்கி வைத்தான். முந்நூறில் வாந்தி எடுத்தான். கடைசி அறுபது படியைக் கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினான். ஒரு லிஃப்ட்காரன் வாழ்நாளில் அத்தனை படி கும்பிட்டிருக்க மாட்டான். கோபுரத்துப் பெரியவர் ஆரஞ்சுச் சுளையை வாயருகே பிடித்தபடி, "என்னப்பா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா" என்றான்.

நட்சத்திர வடிவத் துளை. அவசரத்தில் கட்டத்தின் ஓரத்தில் கோணலாக விழுந்தது, ஆனால் விழுந்தது. அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அது வழியாக வெளியே தெரிந்த வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான்.

அடியில் வந்தபோது ஒன்று முப்பத்தாறு. அவள் அதே கல்லின் மேல் நின்றுகொண்டு, படிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை நீட்டினாள். குடித்தான். சேர்ந்து ஓடினார்கள். கடைசி ஏற்றத்தில் அவன் சரிந்தபோது அவள் அவன் சட்டையின் முதுகைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். தெற்கு வாசலில் ஒருத்தன் கயிற்றோடு தயாராக நின்றிருந்தான். ஒன்று ஐம்பத்தேழுக்கு இருவரும் உள்ளே விழுந்தார்கள்.

மேசையில் இருந்த பெண்மணி இரண்டு அட்டையையும் வெளிச்சத்துக்குக் காட்டி, துளைகளை நிதானமாக எண்ணினார். கோணல் நட்சத்திரத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு தலையாட்டினார். பதக்கத்தைக் கழுத்தில் மாட்டியதும் டாக்டரம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதக்கத்தை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். பெட்டி கட்டிய நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் வந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். தொடலாமா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கை தவறிடுச்சு" என்றான்.

"உங்களுக்குக் கை தவறாது. லிஃப்ட் கம்பிக் கயித்துல ஒரு இழை பிரிஞ்சாகூட தொட்டுப் பாத்தே சொல்லிடுவீங்க."

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அடுத்த வருடத்து இடம், அதே ஜோடி, ஒரு வருடம் பேச ஒரு காரணம், எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொன்னான். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் பதக்கத்தின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அட்டையைப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள். "கீழ நின்னு பாத்துட்டே இருந்தேன். மேல போறயா, பாதியில உக்காந்துடறயான்னு. தவழ்ந்து போனதையும் பாத்தேன்."

"உனக்காகத்தான்."

"தெரியும்." நாடாவை விட்டுவிட்டாள். "நானூறு படி. வாந்தி எடுத்துக்கிட்டு, கையூணி, எனக்காக ஏறின. அன்னிக்கு ஏழு கிலோமீட்டர்தான். சமதளம். யாரையாவது நிறுத்தி வண்டியில ஏறியிருந்தா பத்து நிமிஷம். லிஃப்ட் கதவுக்கு வெளிய நின்னு 'எங்கயும் போகல'ன்னு சொன்னியே, அந்த ஆள் வந்துடுவான்னு நான் பாத்ரூம் தரையில படுத்துக்கிட்டு வாசலையே பாத்துட்டிருந்தேன்." மூச்சை இழுத்து விட்டாள். "உன்னால முடியாதுன்னு நினைச்சு மனசை ஆத்திக்கிட்டேன். முடியும்னு இன்னிக்குக் காட்டிட்ட. இனி நான் எப்படி வர்றது?"

அவன் தரையில் கையூன்றி எழப் பார்த்தான். கால் கேட்கவில்லை.

அண்ணன் வந்து தங்கையைத் தூக்கி நிறுத்தினார். அவள் அட்டைகளைப் பிரித்துக் கொடுத்தாள். அவனுடையது அவனுக்கு, அவளுடையது அவளுக்கு. அவன் அட்டையில் பன்னிரண்டு துளையும் கட்டத்துக்கு நட்டநடுவில் இருந்தன.

"மாப்ளே, கால் ஊணவே முடியல போலிருக்கே. வாங்க, வீட்டுல விட்டுடறேன்" என்றார் அண்ணன். இந்த முறை அவர் தொண்டையைச் செருமிக்கொள்ளவில்லை. அவள் காரின் கண்ணாடிக்குப் பின்னால் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மச்சான். பஸ் இருக்கு. நீங்க கிளம்புங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் பதக்கத்தைப் பார்த்து, "முடிச்சிட்டீங்களா, பெரிய விஷயம்" என்று கை கொடுத்தார். மலை இறங்கியதும் சாலை நேராக, சமதளமாக நீண்டது. ஓரத்துக் கிலோமீட்டர்க் கற்களை எண்ணக் கூடாது என்றுதான் மீட்டர் கண்ணை மூடிக்கொண்டான். பழகிப்போன மனசு கேட்கவில்லை, கண்ணைத் திறந்து எண்ணியது. ஏழு கல் தாண்ட பஸ்ஸுக்கு ஒன்பது நிமிடம் ஆயிற்று.